மென்பொருள் ஒப்பந்தம்: கையொப்பமிட முன் கேட்க வேண்டியவை

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நோன்பு 22 அன்று, பெருநாள் வியாபாரம் சூடு பிடித்திருந்த நேரம், எமது புடவைக் கடையின் பிரதான கணனி எரிந்து போனது. மின்சாரம் கூடிக் குறைந்ததில் வந்த வினை. நான் பெரிதாகப் பதறவில்லை. ஒவ்வொரு இரவும் கணக்குகளை பென்டிரைவில் பிரதி எடுத்து வைக்கும் பழக்கம் மகனிடம் இருந்தது. மறுநாள் அஸருக்குள் புதிய கணனி வந்துவிட்டது. பில் போடும் மென்பொருளை அதில் ஏற்றினோம். அது திறக்கவில்லை. இந்தக் கணனிக்கு அனுமதி இல்லை என்ற செய்தி மட்டுமே திரையில் வந்தது.

நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "நானா, உங்கட லைசன்ஸ் ஒரு மெஷினுக்கு மட்டும்தான். வேற மெஷினுக்கு மாத்துறதுக்கு அரைவாசி விலை கட்டணும். அக்ரிமென்ட்ல ஏழாவதா இருக்கு, பாருங்க" என்றார். பென்டிரைவில் இருந்த கணக்கையும் அந்த மென்பொருளைத் தவிர வேறு எதனாலும் திறக்க முடியவில்லை. நான்கு நாட்கள் கையால் பில் எழுதினோம். கடைசியில் கேட்ட பணத்தைக் கட்டினேன். பெருநாள் முடிந்து மூன்று வாரம் சென்ற பிறகுதான் சரக்கு இருப்புக் கணக்கு நேரானது.

அலுமாரியில் கிடந்த ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். ஏழாவது வாசகம் அவர் சொன்னபடியே இருந்தது. கீழே எனது கையொப்பம். ஒரு வாடிக்கையாளருக்குச் சாரி காட்டிக்கொண்டே கண்ணாடி மேசையில் வைத்து ஒப்பமிட்டது ஞாபகம் வந்தது. கடை வாடகை ஒப்பந்தத்தைச் சட்டத்தரணியிடமும் இரண்டு பெரியவர்களிடமும் காட்டிவிட்டுத்தான் ஒப்பமிட்டேன். ஆனால் கடையின் முழுக் கணக்கையும் ஒப்படைக்கும் பத்திரத்தை ஒரு தடவையேனும் வாசிக்கவில்லை. நிறுவனத்தைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு கேட்டறிந்தவற்றையும், பின்னர் இரண்டு மென்பொருள்களுக்கு ஒப்பந்தம் பேசியபோது பயன்பட்டவற்றையும் இந்த வாரம் எமது வர்த்தக சகோதரர்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

வாங்குவது பொருளை அல்ல, அனுமதியை

ஒரு தராசு வாங்கினால் அது எமது சொத்து. எந்த மேசையில் வைப்பது, யாருக்கு விற்பது என்பதெல்லாம் எமது விருப்பம். மென்பொருள் அப்படியல்ல. நாம் பணம் கொடுப்பது அதைப் பாவிக்கும் அனுமதிக்கு. மென்பொருளின் உரிமை அதை உருவாக்கியவரிடமே இருக்கிறது. எத்தனை கணனியில், எத்தனை பேர், எவ்வளவு காலம் பாவிக்கலாம் என்பதை அவர் எழுதித் தருகிறார். அந்த எழுத்துத்தான் அனுமதிப்பத்திரம். எமது வழக்கில் சொல்வதானால் இது பைஃ என்னும் விற்பனையை விட இஜாரா என்னும் வாடகைக்கே நெருக்கமானது. கடையை வாடகைக்கு எடுக்கும்போது காலம், வாடகை உயர்வு, முற்பணம், திருத்த வேலை, வெளியேறும் அறிவித்தல் எல்லாவற்றையும் கேட்கிறோம். அதே கேள்விகளை இங்கும் கேட்க வேண்டும்.

இலங்கையில் இதற்கான சட்டம் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். அதன்படி கணனி மென்பொருள் ஒரு நூலைப் போலவே பாதுகாக்கப்படுகிறது. திருட்டுப் பிரதி என்று தெரிந்துகொண்டே அதனை வியாபார இலாபத்துக்குப் பாவிப்பது குற்றம் என அச்சட்டம் தனியாகவே சொல்கிறது. அதில் விதிக்கப்பட்டுள்ள தண்டனை 5 இலட்சம் ரூபா வரையான அபராதம், அல்லது 6 மாதம் வரையான சிறை, அல்லது இரண்டும். கடைத்தெருவில் சில நூறு ரூபாவுக்கு விண்டோஸ் போட்டுத் தருபவரை மட்டும் இது பிடிக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கடையில் வைத்துப் பாவிப்பவரையும் பிடிக்கும்.

சட்டத்துக்கு அப்பாலும் எமக்கு ஒரு கேள்வி உண்டு. படைப்புரிமை, வர்த்தகப் பெயர் போன்றவை அவற்றின் உரிமையாளருக்குரிய மதிப்புள்ள ஹக்குகள், அவற்றில் அத்துமீறுவது கூடாது என 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்தது. ஹலாலான சரக்கை ஹலாலான பணத்தில் வாங்கி விற்கும் நாம், பில் போடும் கணனியில் மட்டும் பிறர் ஹக்கை வைத்திருப்பது அழகல்ல.

செலவு தாங்காது என்பவர்களுக்கு வழி இருக்கிறது. கடிதம், விலைப்பட்டியல், கணக்கு அட்டவணை தயாரிக்க லிப்ரே ஒபிஸ் என்ற மென்பொருளைக் கடைகளிலும் இலவசமாகப் பாவிக்கலாம். ஆனால் இலவசம் என்று காண்பதெல்லாம் கடைக்கு இலவசம் அல்ல. தூரத்திலிருந்து கணனியை இயக்க உதவும் டீம்வியூவர் தனிப்பட்ட பாவனைக்கு மட்டுமே இலவசம். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் பலவும் அப்படித்தான்.

எந்த வகை அனுமதி?

விற்பனைப் பிரதிநிதி விலையைச் சொல்லும்போது, அந்த விலை எதற்கு என்பதை முதலில் கேளுங்கள். ஒரு கணனிக்கா, ஒரு பாவனையாளருக்கா, ஒரு கிளைக்கா? காலை ஒருவரும் மாலை ஒருவருமாக இரண்டு காசாளர்கள் ஒரே கணனியில் வேலை செய்தால் கணனிக் கணக்கு எமக்கு இலாபம். ஒரே ஆள் கடையிலும் களஞ்சியத்திலும் வீட்டிலும் வேலை செய்தால் பாவனையாளர் கணக்கு இலாபம். கணனியுடன் சேர்ந்து வரும் விண்டோஸ் பொதுவாக அந்தக் கணனிக்கு மட்டுமே உரியது. கணனி பழுதானால் அதுவும் அத்துடன் போய்விடும்.

இந்தக் கணக்கில் பெரிய நிறுவனங்களே தடுக்கி விழுந்திருக்கின்றன. பிரித்தானியாவில் டியாஜியோ என்னும் பெரும் பான நிறுவனம் ஜேர்மனியின் எஸ்ஏபி மென்பொருளைப் பாவித்து வந்தது. அதனுடன் வேறொரு மென்பொருளை இணைத்து, அதன் ஊடாக விற்பனையாளர்களும் வாடிக்கையாளர்களும் தகவல்களை எடுக்கச் செய்தது. அவர்களும் பாவனையாளர்களே என்று எஸ்ஏபி வழக்குப் போட்டு 5 கோடி 40 இலட்சம் பவுணுக்கு மேல் கேட்டது. 2017 இல் இலண்டன் உயர் நீதிமன்றம், அவர்களுக்கும் அனுமதி தேவை என்ற கேள்வியில் எஸ்ஏபியின் பக்கம் தீர்ப்பளித்தது. பாவனையாளர் என்ற ஒரு சொல்லுக்கு ஒப்பந்தத்தில் என்ன பொருள் என்பதுதான் அங்கே பிரச்சினை. எமது அளவில், கடையின் மென்பொருளை இணையத்தள விற்பனையுடனோ கணக்காளரின் மென்பொருளுடனோ இணைக்கும்போது இதே கேள்வி வரும்.

அடுத்தது காலம். ஒரு தடவை பணம் கட்டி நிரந்தரமாகப் பாவிப்பது ஒரு வகை. மாதாந்தம் அல்லது வருடாந்தம் சந்தா கட்டுவது மற்றொரு வகை. இரண்டையும் ஐந்து வருடக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு நிரந்தர அனுமதி 100,000 ரூபா, வருடப் பராமரிப்பு 20,000 ரூபா, அது வருடத்துக்கு 10 வீதம் உயர்கிறது என்று வைப்போம். ஐந்து வருடப் பராமரிப்பு மட்டும் 122,102 ரூபா. மொத்தம் 222,102 ரூபா. மாதம் 3,500 ரூபா சந்தா என்றால் ஐந்து வருடத்துக்கு 210,000 ரூபா. தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஆறாவது வருடம் ஒன்றும் கட்டாவிட்டால் முதலாவது தொடர்ந்து வேலை செய்யும். இரண்டாவது நின்றுவிடும். மறுபக்கம், கடையை மூன்று வருடத்தில் மூடினாலோ மென்பொருள் பிடிக்காமல் போனாலோ சந்தாக்காரருக்கு நட்டம் குறைவு.

நிரந்தரம் என்ற சொல்லிலும் கவனம் தேவை. பாவிக்கும் உரிமை நிரந்தரம். திருத்தங்களும் பாதுகாப்பும் நிரந்தரமல்ல. விண்டோஸ் 7 க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரி 14 இலும் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 இலும் நிறுத்தியது. விற்பனை முறையும் மாறலாம். அச்சகம் நடத்துபவர்கள் அறிந்த உதாரணம் அடோபி. தனது வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என 2013 இல் அறிவித்தது.

பேசித் தீர்க்க வேண்டிய எட்டு விடயங்கள்

வெளிநாட்டு நிறுவனங்களின் பெட்டி மென்பொருள்களில் நாம் பேரம் பேச முடியாது. சம்மதம் என்ற பொத்தானை அழுத்துவதுடன் ஒப்பந்தம் முடிந்துவிடும். அப்படிப்பட்டவற்றில் எண்ணிக்கை, காலம், சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்ற மூன்றையாவது வாசியுங்கள். பில், சரக்கிருப்பு, சம்பளக் கணக்கு போன்றவற்றை எமது நாட்டு நிறுவனங்களிடமோ முகவர்களிடமோ வாங்கும்போது பேசுவதற்கு நிறையவே இடமுண்டு.

1. கணனி மாறினால்? கணனி பழுதானால் அல்லது மாற்றினால் அனுமதியைக் கட்டணமின்றி மாற்றித் தர வேண்டும். வருடத்துக்கு இரண்டு தடவை என்று கேட்டால் நியாயமான எந்த நிறுவனமும் மறுக்காது. நான் கேட்காமல் விட்டது இதைத்தான்.

2. தரவு யாருடையது? கணக்கு, கடன்காரர் விபரம், சரக்குப் பட்டியல் யாவும் கடைக்கே சொந்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போது அவற்றைச் சாதாரண அட்டவணைக் கோப்பாக எடுத்துத் தரவும் வேண்டும். வாங்குவதற்கு முன்பே உங்கள் கண்முன் ஒரு தடவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

3. விலை எந்த நாணயத்தில்? 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவைச் சற்றுக் கடந்திருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. வருடம் 300 டொலர் சந்தா கட்டியவருக்கு ஏறத்தாழ 61,000 ரூபாவாக இருந்த செலவு 108,000 ரூபாவானது. முடிந்தவரை ரூபாவில் பேசுங்கள். டொலரில்தான் என்றால் எந்த நாளின், எந்த வங்கியின் மாற்று விகிதம் என்பதை எழுதுங்கள்.

4. புதுப்பிக்கும்போது எவ்வளவு கூடும்? முதல் வருட விலையைக் குறைத்துக் காட்டி இரண்டாம் வருடம் ஏற்றுவது வழமையான வியாபார உத்தி. வருடத்துக்கு இத்தனை வீதத்துக்கு மேல் கூட்டுவதில்லை என்று உச்ச எல்லை போடுங்கள். இரண்டாவது கிளைக்கான விலையையும் இப்போதே எழுதி வாங்குங்கள். கிளை திறந்த பிறகு கேட்டால் பேரம் பேசும் பலம் எம்மிடம் இருக்காது.

5. வரி மாறினால்? வற் வரி 2022 ஜூனில் 8 இலிருந்து 12 வீதமாகவும், அதே வருடம் செப்டம்பரில் 15 வீதமாகவும், 2024 ஜனவரியில் 18 வீதமாகவும் உயர்ந்தது. இடையில் 2022 ஒக்டோபரில் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியும் வந்தது. ஒவ்வொரு தடவையும் பில்லை மாற்ற வேண்டும். சட்ட மாற்றங்களுக்கான திருத்தம் பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்கும் என்று எழுதாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி பில் வரும்.

6. பழுதானால் யார், எப்போது வருவார்? விரைவில் என்ற சொல்லை ஏற்காதீர்கள். பில் போடவே முடியாத நிலை என்றால் நான்கு மணித்தியாலத்துக்குள், சிறு கோளாறு என்றால் இரண்டு நாளுக்குள் என நேரம் குறியுங்கள். ஞாயிற்றுக்கிழமையும், பெருநாள் காலத்தில் இரவு 10 மணி வரையும் சேவை உண்டா என்பதையும் கேளுங்கள்.

7. பணம் தாமதித்தால்? பல ஒப்பந்தங்களில் தாமதத்துக்கு மாதம் 2 வீதம் வட்டி என்று ஒரு வரி இருக்கும். அதை நீக்கச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு தடவையும் மறுக்காமல் நீக்கித் தந்தார்கள். அதற்குப் பதிலாக, 14 நாள் எழுத்துமூல அறிவித்தலின் பின் சேவையை நிறுத்தலாம், ஆனால் பழைய கணக்குகளைப் பார்ப்பதைத் தடுக்கக் கூடாது என்று போடலாம்.

8. நிறுவனம் மூடப்பட்டால்? இருவர் மூவராகச் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனங்களே எமக்குப் பெரும்பாலும் மென்பொருள் தருகின்றன. அவர்கள் வெளிநாடு சென்றுவிட்டால் என்ன செய்வது? அப்படியானால் காலவரையின்றி வேலை செய்யும் திறப்பு இலக்கத்தைத் தந்துவிட்டே செல்ல வேண்டும் என்று எழுதலாம். பெருந்தொகை கொடுத்துச் செய்விப்பதானால் மூல நிரலின் பிரதியொன்றை சட்டத்தரணி போன்ற பொதுவான ஒருவரிடம் வைக்கச் சொல்லலாம்.

உங்கள் கடைக்கென்றே தனியாக ஒரு மென்பொருளைச் செய்விப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நான் பணம் கொடுத்தேன், ஆகவே அது எனது என்று பலர் நினைக்கிறார்கள். எமது சட்டப்படி சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் தனது வேலையின்போது உருவாக்கியதன் பொருளாதார உரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழில் கொடுப்பவருக்குச் செல்லும். வெளியாளிடம் கொடுத்துச் செய்வித்தால் உரிமை தானாக உங்களிடம் வராது. எழுத்தில் கையளிக்கப்பட்டு இருவரும் ஒப்பமிட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் யோசனையில் உருவான மென்பொருளை அவர் எதிர்க்கடைக்கும் விற்கலாம்.

பேரம் பேசும் முறை

சரக்கு எடுக்கும்போது பேரம் பேசத் தெரிந்த எமக்கு இதில் புதிதாகக் கற்க அதிகமில்லை. ஆனால் விலையில் மட்டும் நின்றுவிடுகிறோம். ஐயாயிரம் ரூபா குறைத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் நிபந்தனைகளை விட்டுவிடுகிறோம். மென்பொருள்காரருக்கு விலையைக் குறைப்பது கடினம், நிபந்தனையை மாற்றுவது சுலபம். ஆகவே சுமாரான விலைக்குச் சம்மதித்து, மேலே சொன்ன எட்டையும் கேளுங்கள்.

முற்பணம் கொடுக்க முன் பேசுங்கள். குறைந்தது இரண்டு நிறுவனங்களிடம் எழுத்தில் விலை கேளுங்கள். ஒரு மாதம் உங்கள் கடையின் உண்மையான சரக்குகளை இட்டுப் பரீட்சித்துப் பாருங்கள். பணத்தை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை முற்பணமாகவும், ஒரு பங்கை பொருத்திய பின்னரும், மிகுதியை ஒரு மாதம் பிழையின்றி ஓடிய பின்னரும் கொடுங்கள். ஒரே வீதியில் நான்கைந்து கடைகள் சேர்ந்து கேட்டால் விலையிலும் சேவையிலும் நல்ல சலுகை கிடைக்கும். நாமே எதிரெதிர்க் கடைக்காரர்கள் என்பதற்காக இதிலும் பிரிந்து நிற்க வேண்டியதில்லை.

பிரதிநிதி வாயால் சொல்லும் வாக்குறுதிகளை அன்றிரவே மின்னஞ்சலில் எழுதி, இன்று பேசியது இவைதானே என்று கேட்டு அனுப்புங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இவ்வாறான மின்னணுப் பதிவுகளுக்கும் ஒப்பந்தங்களுக்கும் அங்கீகாரம் தருகிறது. ஆயினும் முக்கியமானவற்றை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பாகச் சேர்த்து ஒப்பமிடுவதே பாதுகாப்பு. ஆங்கிலம் சிரமம் என்றால் பிள்ளைகளையோ கணக்காளரையோ கொண்டு வரிக்கு வரி வாசித்துக் கேளுங்கள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. எழுதச் சொல்வது அவநம்பிக்கை அல்ல. இரு தரப்பையும் பின்னர் வரும் மனக்கசப்பிலிருந்து காப்பது அதுதான்.

ஒப்பமிட்ட பின்னர்

ஒப்பந்தத்தை அலுமாரியில் போட்டுப் பூட்டுவதுடன் வேலை முடியாது. ஒரு சாதாரண சீஆர் கொப்பி எடுங்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு பக்கம். பெயர், வாங்கிய திகதி, பில் இலக்கம், திறப்பு இலக்கம், எத்தனை கணனி, எந்தெந்தக் கணனி, புதுப்பிக்கும் திகதி, தொடர்பு கொள்ள வேண்டியவர் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். பில்களின் பிரதிகளைக் கூடவே ஒட்டுங்கள். யாரேனும் அனுமதியைக் காட்டச் சொன்னால் இந்தக் கொப்பியே பதில்.

பதிவு செய்யும் மின்னஞ்சல் கடையின் பெயரில் இருக்கட்டும். காசாளர் தம்பியின் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்துவிட்டு, அவர் கட்டாருக்குச் சென்ற பின்னர் கடவுச்சொல்லைத் தேடி அலைந்த கடைக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். ஊழியர் விலகும் நாளில் கடைத் திறப்பை வாங்குவது போல அவரது பாவனையாளர் பெயரையும் நீக்குங்கள். பாவனையாளர் எண்ணிக்கைக்குக் கட்டணம் கட்டுபவர்களுக்கு இதனால் பணமும் மிச்சமாகும்.

புதுப்பிக்கும் திகதிக்கு 60 நாட்களுக்கு முன்னர் நாட்காட்டியில் ஒரு குறி போடுங்கள். பல சந்தாக்கள் வங்கி அட்டையிலிருந்து தானாகவே பணத்தை எடுத்துவிடும். வேண்டாம் என்றால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதி உள்ளே இருக்கும். அந்த 60 நாளில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை உண்மையில் பாவிக்கிறோமா? எண்ணிக்கை சரியா? வேறு இடத்தில் விலை என்ன?

கடைசியாக, மாதம் ஒரு தடவை பிரதி எடுத்த கணக்கை வேறொரு கணனியில் திறந்து பாருங்கள். சட்டபூர்வமான பாவனையாளர் பாதுகாப்புக்காக மென்பொருளின் ஒரு பிரதியை வைத்துக்கொள்ள எமது சட்டமும் இடமளிக்கிறது. எனது பென்டிரைவில் பிரதி இருந்தது. அது திறக்குமா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

இன்று எமது கடையில் இருப்பது வேறொரு மென்பொருள். அதன் ஒப்பந்தத்தைப் பேசி முடிக்க இரண்டு வாரம் எடுத்தது. பிரதிநிதி சற்றுச் சலித்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். கடந்த வருடம் கணனி மீண்டும் பழுதானபோது அவரையே அழைத்தேன். ஒரு மணித்தியாலத்தில் புதிய கணனியில் பில் போட ஆரம்பித்தோம். ஒரு சதமும் கேட்கவில்லை. கொப்பியைத் திறந்து அந்த வாசகத்தைக் காட்ட வேண்டிய தேவையும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

இந்தப் பத்தியை வாசித்து முடித்ததும் உங்கள் கடையின் மென்பொருள் ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால், கணனி மாறினால் என்ன, தரவு யாருடையது என்ற இரண்டை மட்டும் இன்றே வாசியுங்கள். கிடைக்காவிட்டால் நாளைக் காலை நிறுவனத்திடம் ஒரு பிரதி கேளுங்கள். பெருநாள் வியாபாரம் தொடங்குவதற்கு முன்னர் இதைச் செய்துவிடுவது நல்லது.